கட்டம் போடாத குடும்ப மரம்: தரம் 3 பிள்ளையளோட செய்து பார்த்தது

சின்னப் பிள்ளையளோட குடும்ப மரம் செய்யப் போறீங்கள் எண்டால் முதல் வேலை, இன்ரநெற்றில இருந்து இறக்கிற அந்த ரெடிமேட் படத்தை ஒரு பக்கம் வைக்கிறது தான். தெரியும் தானே அந்தப் படம், அடியில "நான்" எண்டு ஒரு கட்டம், மேல அப்பா அம்மாக்கு ரெண்டு கட்டம், அதுக்கு மேல நாலு கட்டம், போட்டோகொப்பி அடிச்சுக் குடுத்தால் ஒரு பாடவேளைக்குள்ள நிரப்பி முடிச்சிடலாம் எண்டு ஆக்கள் நினைக்கினம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில நான் படிப்பிக்கிற வகுப்பில அது நிரம்பாது. ஒரு பிள்ளையின்ர அப்பா பிரான்சில, இன்னொண்டின்ர அம்மா வேலைக்கு மத்திய கிழக்கில, வளர்க்கிறது அம்மம்மாவும் சின்னம்மாவும், ஒரு பெடியனுக்கு அப்பான்ர ஆக்களோட கதை பேச்சே இல்லை, இன்னொரு பிள்ளைக்கு அம்மப்பா ரெண்டாம் தாரம் கட்டினபடியால் ரெண்டு அம்மம்மா. கட்டம் போட்டுக் குடுத்தால் நிரம்பாத கட்டம் தான் பிள்ளையின்ர கண்ணில நிக்கும், ஆக்கள் கூடின பிள்ளைக்கு இடம் காணாது. அதால நான் மரத்தை வெறும் கொப்போட விட்டுட்டு இலையளைத் தனித்தனியா வெட்டிக் குடுக்கிறனான். எத்தினை இலை ஒட்டுறது எண்டு பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில குடும்பம், உறவு எண்டு வரேக்க இதைச் செய்யலாம், தமிழ்ப் பாடத்துக்கும் உதவும், ஏனெண்டால் பேர் எழுதேக்க தான் ல, ள, ழ பிரச்சினை எல்லாம் வெளியில வரும்.

என்ன மரம் எண்டு கேட்டால் வகுப்பு முழுக்க "பனை ரீச்சர்" எண்டு தான் கத்தும். யாழ்ப்பாணத்துப் பிள்ளையள் வேற என்னத்தைச் சொல்லுங்கள். ஆனால் பனைக்குக் கொப்பு இல்லையே, உச்சியில மட்டும் ஓலை, எல்லாச் சொந்தக்காரரையும் கொண்டுபோய் வட்டுக்குள்ள நெருக்க வேண்டி வரும். ஒரு பெடியன் விடாப்பிடியாப் பனை தான் கீறுவன் எண்டு நிண்டான், சரி கீறு எண்டு விட்டனான், அவன் நடுமரத்தில வளையம் வளையமாக் கோடு போட்டு ஒவ்வொரு வளையத்திலயும் ஒரு தலைமுறையை எழுதிக்கொண்டு வந்தான், உண்மையாச் சொன்னால் எனக்கே அது வராது. மற்ற ஆக்களுக்குப் பூவரசு எண்டு முடிவெடுத்தம். காரணம் வேலியில நிக்குது, எல்லாருக்கும் தெரியும், இலை அகலம், இதய வடிவம், ஒரு பேரும் ஒரு சின்னப் படமும் வடிவாப் போடலாம்.

உண்மையான பூவரசம் இலையைப் பிடுங்கி ஒட்டுற ஆசை எல்லாருக்கும் வரும். விடாதேங்கோ. ரெண்டு நாளில சுருண்டு கறுத்து உதிர்ந்துடும், எழுதின பேரும் போயிடும். நல்ல முத்தின இலையாப் பார்த்து ஒண்டை எடுத்துப் பழைய கொப்பி மட்டையில வைச்சு விளிம்பைக் கீறி வெட்டினால் அது தான் அச்சு. மேசைக்கு ஒரு அச்சு குடுத்தால் காணும். இலைக்குக் கலர்த் தாள், மரத்துக்கு பிறிஸ்ரல் போட் எண்ட தடிச்ச தாளில பாதி. டிமை தாளிலயும் செய்யலாம் ஆனால் பசை பட்டால் அலை அலையா எழும்பும். வெட்டின மிச்ச இலையில பீப்பீ செய்து ஊதாமல் எந்தப் பிள்ளையும் அண்டைக்கு வீட்டை போகாது, அதுக்கும் ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்கி வைக்கிறது புத்தி.

அடுத்தது வீட்டை கேட்டுக்கொண்டு வாற கேள்வித்தாள். இதில தான் நான் கனக்க யோசிச்சது. வழமையா இருக்கிற கேள்வித்தாளில பேர், ஊர், தொழில் எண்டு மூண்டு நிரல் இருக்கும். நான் தொழிலை எடுத்துட்டன், ஊரையும் எடுத்துட்டன். இஞ்ச "நீர் எந்த ஊர், ஆற்ற பிள்ளை, பேரன் என்ன செய்தவர்" எண்டு அடுத்தடுத்துக் கேட்டால் அது எங்க போய் முடியும் எண்டு இஞ்ச வளர்ந்த எல்லாருக்கும் தெரியும், அதுவும் ஒரு வகுப்புச் சுவரில எல்லாற்ற பேரனின்ர தொழிலையும் எழுதித் தூக்கினால் பிள்ளைக்கு விளங்காது, கூப்பிட வாற தாய் தகப்பனுக்கு ஒரு பார்வையில விளங்கிடும். எழுதிக் குடுக்கச் சொல்லாட்டிலும் சில வீடுகளில இருந்து தாங்களாவே "பேரன் மலாயாவில றெயில்வேயில இருந்தவர்" எண்டு எழுதி வரும், அது அவையின்ர பெருமை, இருக்கட்டும். நான் கேக்கிறது மூண்டே விசயம். அவரை நீ என்னெண்டு கூப்பிடுவாய், அவற்ற முழுப் பேர் என்ன, அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம்.

சாப்பாட்டுக் கேள்வி விளையாட்டுக்குப் போட்டது மாதிரி இருக்கும், ஆனால் பிள்ளையைப் பெரியாக்களுக்குப் பக்கத்தில இருத்திறது அந்தக் கேள்வி தான். பேரை மட்டும் கேட்டால் அம்மா சமைச்சுக்கொண்டு நிண்டபடியே சொல்லிடுவா, அப்பாச்சிக்கு என்ன விருப்பம் எண்டு அம்மாக்குச் சரியாத் தெரியாது, அப்பாச்சியிட்டையே கேக்க வேணும், கேட்டால் ஒடியல் கூழில தொடங்கி கூழுக்கு நண்டு போடாத வீடும் ஒரு வீடா எண்டு கதை நீளும்.

முழுப்பேர் தான் பிள்ளையளுக்குப் பெரிய அதிசயம். சந்தியடி அம்மம்மா, பெரிய ஆச்சி, சிவத்த மாமி, கிளி அன்ரி எண்டு தான் அவைக்கு ஆக்களைத் தெரியும். "அம்மம்மாக்குப் பேர் இருக்கு ரீச்சர்" எண்டு ஒண்டு ஓடி வந்து சொல்லுது. அதால இலையில கூப்பிடுற பேரைப் பெரிசாவும் முழுப்பேரைக் கீழ சின்னனாவும் எழுதச் சொன்னனான். முழுப்பேரை மட்டும் எழுதினால் அது பிள்ளைக்கு ஆரோ தெரியாத ஆள்.

இனி பேர் எங்க இருந்து வரும் எண்டது. எங்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு பெரும்பாலும் இல்லை, தகப்பன்ர பேர் தான் இனிசல். பிள்ளையின்ர இனிசலை விரிச்சால் அப்பான்ர பேர், அப்பான்ர இனிசலை விரிச்சால் அப்பப்பான்ர பேர், அப்பப்பான்ர இனிசலை விரிச்சால் பூட்டன்ர பேர். இதைக் கரும்பலகையில ஒருக்கா என்ர பேரை வைச்சே ஏறிக் காட்டினனான், அவ்வளவு தான், இடைவேளைக்குள்ள முழு வகுப்பும் தங்கட இனிசலைப் பிடிச்சு ஏறத் தொடங்கிட்டுது. பேந்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். எங்கட காலத்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தீங்கள் எண்டால் பாட்டனாரின்ர முழுப்பேர், பிறந்த வருசம், பிறந்த இடம் எண்டு ஒரு பகுதி இருக்கும், அதுக்குக் கீழ பூட்டனாருக்கும் ஒண்டு இருக்கும். 1948ம் ஆண்டு 18ம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் இதே வழியில தான், இலங்கையில பிறந்த ஆளையே தகப்பன் எங்க பிறந்தவர், இல்லையெண்டால் தகப்பன்ர தகப்பனும் அவற்ற தகப்பனும் எங்க பிறந்தவை எண்டு ஆண் வழியாத் தான் கேட்டது. பத்திரத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரச் சொல்லாதேங்கோ, அதில பிள்ளையளுக்குத் தேவையில்லாத விசயங்களும் கிடக்கு. வீட்டை பெரியாக்கள் பார்த்துப் பேரை மட்டும் எழுதி விட்டால் காணும்.

இந்த ரெண்டு வழியிலயும் வாறது தகப்பன் வழி மட்டும் தான் எண்டதைக் கவனிச்சிருப்பீங்கள். தாய் வழிப் பேரன் பூட்டன் இதுகளில ஏறாது. ஆனால் எங்கட வகுப்பில கன பிள்ளையள் இருக்கிறது அம்மம்மா வளவில. 1707ல ஒல்லாந்தர் எழுத்தில போட்டுவைச்ச யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையிலயே சீதனம் பெட்டைப் பிள்ளைக்குப் போறது இருக்கு, இண்டைக்கும் வீடும் வளவும் பெட்டைக்கு எழுதி மாப்பிள்ளை அங்க வந்து இருக்கிறது இஞ்ச சாதாரணம். அதால தாய் வழி ஆக்கள் எல்லாம் ஒரு வேலிக்கு அங்கால இஞ்சால தான் இருக்கினம், பிள்ளை பின்னேரம் ஒரு சுத்துச் சுத்தினால் அம்மம்மா, பெரியம்மா, அம்மம்மான்ர தங்கச்சி எல்லாரையும் கேட்டுக்கொண்டு வந்துடும். தாய் வழி வாயால வரும், தகப்பன் வழி பேப்பரால வரும். முடிஞ்ச மரங்களைப் பார்த்தால் தகப்பன் பக்கம் ஒல்லியா உயரமாவும் தாய் பக்கம் பதிவாப் பரந்தும் இருக்கிறது அதால தான்.

இன்னொரு இடமும் இருக்கு, பழைய ஆக்களின்ர விபரம் வேணும் எண்டால் அதை விட நல்ல இடம் இல்லை. அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கிற கல்வெட்டு, கல்லில வெட்டினதில்லை, செத்த ஆளின்ர நினைவா அச்சடிக்கிற சின்னப் புத்தகம். 31ம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில சாப்பிட வாற எல்லாற்ற கையிலயும் ஒண்டு குடுப்பினம், சாமி அறையிலயோ அலுமாரித் தட்டிலயோ எந்த வீட்டிலயும் நாலைஞ்சு கிடக்கும். செத்தவற்ற வாழ்க்கை வரலாறு, தேவாரம், செத்த நாளைச் சொல்லுற திதி வெண்பா, பின்னால பல நேரம் வம்சாவழி கூட போட்டிருப்பினம். வம்சாவழி இல்லாட்டியும் மரண அறிவித்தல் பாணியில "காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும்" எண்டு ஒரு பந்தி இருக்கும் தானே, அந்தப் பந்தியே ஒரு குடும்ப மரம் தான், கோடு மட்டும் இல்லை. நான் ஊர் பேர் மாத்திக் கற்பனையா அப்பிடி ஒரு பந்தி எழுதிப் பிள்ளையளுக்குக் குடுத்து "இதை மரமாக்கு" எண்டு விட்டனான். செத்த வீட்டு அறிவித்தலைப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதா எண்டு ஒரு ஆசிரியை முகத்தைச் சுழிச்சவ, ஆனால் சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலி ஒட்டிக்கிடக்கிற ஊரில பிள்ளையள் அதை எழுத்துக் கூட்டி வாசிச்சுத் தான் வளருதுகள். நூலகம் எண்ட பேரில இருக்கிற இணையத்தளத்திலயும் நிறைய நினைவு மலர்கள் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம், வீட்டில இல்லாத கல்வெட்டு சிலவேளை அங்க கிடைக்கும்.

திதி வெண்பாவிலயும் பழைய சாதகக் குறிப்பிலயும் வருசம் பேரில இருக்கும். விசு, நந்தன எண்டு. அது 60 வருசத்துக்கு ஒருக்கா சுத்தி வாறது, அதால விசு எண்டால் 1941ம் ஆகலாம் 2001ம் ஆகலாம். பூட்டி விசு வருசத்தில பிறந்தவ எண்டால் 2001 ஆக இருக்க ஏலாது எண்டு பிள்ளையளே கண்டுபிடிச்சுச் சிரிச்சுதுகள். சித்திரையில தொடங்கிற வருசம் எண்டபடியால் தை, மாசி, பங்குனியில பிறந்த ஆளுக்கு ஒரு வருசம் கூட்ட வேணும், அதைப் பெரியாக்கள் பார்த்துக்கொள்ளுங்கோ.

இப்ப ஒட்டுற வேலை. பிறிஸ்ரல் போட்டை நிமிர்த்திப் பிடிச்சு குறுக்கால நாலா மடிச்சு விரியுங்கோ. மடிப்புத் தான் கோடு. அடித் தட்டில பிள்ளையும் சகோதரங்களும், ரெண்டாம் தட்டில அப்பா அம்மாவும் அவையின்ர சகோதரங்களும், மூண்டில பேரன் பேத்தி, மேல் தட்டு பூட்டன் பூட்டிக்கு, ஆக்கள் தெரியாட்டி அங்க குருவியும் மேகமும் கீறலாம். ஒரு தட்டில நிக்கிறவை எல்லாரும் ஒரு தலைமுறை எண்ட ஒரு விதியைத் தவிர வேற ஒரு விதியும் சொல்ல வேண்டாம். பாதிப் பிரச்சினை இதிலயே தெளிஞ்சுபோகும், ஏனெண்டால் இஞ்ச வயசும் தலைமுறையும் ஒத்துவராது, ஒரு பிள்ளையின்ர "மாமா" நாலாம் ஆண்டில படிக்கிறான், அவனைத் தன்னோட அடித் தட்டில ஒட்டுறதா அம்மாவோட ஒட்டுறதா எண்டு அவளுக்குப் பெரிய குழப்பம். அம்மம்மான்ர தங்கச்சியின்ர மகன், அம்மாவோட தான் ஒட்ட வேணும். அடுத்த நாள் இடைவேளையில அவனைக் கூப்பிட்டு "நீ மேல நிக்கிறாய்" எண்டு காட்டினாள், அவனும் கொஞ்ச நாளாப் பெரியாள் மாதிரித் தான் திரிஞ்சவன்.

பசை பூச முதல் எல்லா இலையையும் சும்மா வைச்சு ஒருக்கா அடுக்கிப் பார்க்க விடுங்கோ. கட்டாயம். அப்ப தான் சொந்தத்துக்க கட்டின ஆக்களின்ர பிரச்சினை தெரிய வரும். ஒரு பெட்டையின்ர அப்பாவும் அம்மாவும் மச்சானும் மச்சாளும், அப்பான்ர அம்மாவும் அம்மான்ர அப்பாவும் கூடப்பிறந்தவை. அவளின்ர கணக்குப்படி மேல் தட்டில எட்டு இலை வர வேணும், ஆறு தான் வருது, ரெண்டைத் துலைச்சிட்டன் எண்டு மேசைக்குக் கீழ எல்லாம் தேடினாள். துலைக்கேல்ல பிள்ளை, அந்தப் பூட்டனும் பூட்டியும் ரெண்டு பக்கத்துக்கும் பொது எண்டு சொல்லி, அந்தச் சோடியை நடுவில வைச்சு ரெண்டு பக்கத்துக்கும் நூல் இழுத்தம். இதுக்குத் தான் கோட்டைப் பேனையால கீறாமல் கம்பளி நூல் பாவிக்கிறது, நூல் எண்டால் இலை இடம் மாறினாலும் கூட இழுபடும். பெற்ற பிள்ளைக்குப் பச்சை நூல், கலியாணத்துக்குச் சிவப்பு.

மாத்துச் சம்பந்தம் இதை விடச் சிக்கல். அண்ணனும் தங்கச்சியும் இன்னொரு வீட்டு அக்காவையும் தம்பியையும் கட்டியிருப்பினம். எங்கட வகுப்பில அப்பிடி ரெண்டு வீட்டுப் பிள்ளையள் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில இருக்குதுகள், ரெண்டு பேரும் சகோதரம் இல்லை, ஆனால் நாலு பேரன் பேத்தியும் ரெண்டு பேருக்கும் ஒண்டு. ஒருத்தனின்ர அப்பாச்சி மற்றவளுக்கு அம்மம்மா. பார்த்து எழுதினவன் எண்டு ஒண்டை ஒண்டு கோள் சொல்லுதுகள். ரெண்டு தாளையும் பக்கத்தில பக்கத்தில ஒட்டி நாலு பேரையும் ஒருக்கா மட்டும் வைச்சு ரெட்டை மரமா ஆக்கினதோட சண்டை நிண்டது, பார்க்கிறதுக்கும் அது தான் வகுப்பிலயே வடிவு.

செத்த ஆக்களுக்கு என்ன அடையாளம் எண்டு பிள்ளையள் தான் கேட்டது. கறுப்பு இலை, காஞ்ச இலை, கீழ விழுந்த இலை எண்டு எல்லாம் யோசனை வந்தது, நான் ஒண்டுக்கும் விடேல்ல. எல்லாருக்கும் பச்சை இலை தான், இல்லாத ஆக்களின்ர இலையில ஒரு மூலையில சின்னதா ஒரு செவ்வரத்தம்பூ. எப்பிடிச் செத்தவை எண்டு கேள்வித்தாளிலயும் இல்லை, வகுப்பிலயும் நான் கேக்கிறதில்லை. இந்தப் பிள்ளையள் எல்லாம் 2009க்குக் கனகாலம் பிறகு பிறந்ததுகள், ஆனால் அம்மா அப்பான்ர தட்டுக்கு வந்தால் பூ கூடிடும், இளம் மாமாமாருக்கும் சித்தப்பாமாருக்கும். ஒரு பிள்ளை தன்ர மாமாவுக்குப் பூப் போடுறதா எண்டு கேட்டுது, வீட்டை கேட்டு வா எண்டு விட்டன். அம்மா இலைக்குப் பின்னால பென்சிலால "பூ வேண்டாம் ரீச்சர்" எண்டு எழுதி விட்டிருந்தா. பூ இல்லாமல் ஒட்டினது. இதை ஏன் சொல்லுறன் எண்டால் இதைச் செய்யப் போற ஆக்கள் இப்பிடி ஒரு இலை வரும் எண்டு முதலே நினைச்சுக்கொண்டு போங்கோ, வகுப்புக்கு முன்னால வைச்சுப் பிள்ளையிட்ட விளக்கம் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. அப்பா ஆர் எண்டே எழுத விரும்பாத வீடும் இருக்கு, சிறுவர் இல்லத்தில இருந்து வாற பிள்ளையும் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு அங்க சமைக்கிற அன்ரியும் கூடப் படுக்கிற அக்காமாரும் தான் இலை, அவள் ஒட்டினதில இலை எண்ணிக்கை மற்ற ஆக்களை விடக் கூட.

பசைக்குக் கம் போத்தல் வாங்கிக் கட்டாது. கோதுமை மாவைப் பச்சைத் தண்ணியில கட்டியில்லாமல் கரைச்சு அடுப்பில வைச்சுக் கிண்டினால் கண்ணாடி மாதிரி வரேக்க இறக்கலாம், ஆறினதும் விரலால பூசலாம். அந்த நாளில மயில்துத்தம் கொஞ்சம் போடுவினம் பூச்சி அரியாமல், அது நஞ்சு, பிள்ளையளின்ர கை வாய்க்குப் போற இடத்தில வேண்டவே வேண்டாம். அதுக்குப் பதிலா இலையின்ர நடு நரம்பில மட்டும் மெல்லிசாப் பூசச் சொல்லுங்கோ, விளிம்பு எழும்பி நிக்கும், உண்மையான இலை மாதிரியும் இருக்கும் கரப்பானுக்குச் சாப்பாடும் குறையும். மழைக் காலத்தில செய்யாதேங்கோ. ஐப்பசி கார்த்திகையில ஒட்டினது ஒண்டும் காயாது.

பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டின அண்டைக்கு வந்தவையில பாதிக்கு மேல அம்மம்மாமார் தான். மரத்தைப் பார்த்து நல்லாயிருக்கு எண்டு சொல்ல முதல் திருத்தம் சொல்லத் தொடங்கிட்டினம். "மோனை, இவனுக்கு மூத்தவள் அவள், மாறி ஒட்டிக் கிடக்கு", "அவவின்ர பேருக்கு இந்த ன இல்லை, மற்ற ண". ஒரு பென்சிலைக் கையில குடுத்து இலைக்குப் பக்கத்திலயே எழுதுங்கோ ஆச்சி எண்டு விட்டனான். ரெண்டு அம்மம்மாமார் அங்க நிண்டே தாங்கள் ஒண்டு விட்ட சொந்தம் எண்டு கண்டுபிடிச்சு, பேந்து ரெண்டு பேரும் மரத்தைப் பார்க்கேல்ல, கதைக்கத் தான் செய்தவை.

வெளிநாட்டு ஆக்களைப் பற்றியும் சொல்ல வேணும். வட்ஸ்அப்பில படம் போனதோட ரொறன்ரோவில இருந்து ஒரு பிள்ளையின்ர பெரியப்பா ஒரு முழுப் பக்கம் பேர் அனுப்பினார், ஆறு தலைமுறை, எல்லாம் ஆம்பிளையள். நல்ல விசயம் தான், ஆனால் எட்டு வயசுப் பிள்ளையின்ர மரத்தில அதுக்கு இடமில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால ஒரு கடித உறை ஒட்டி விட்டிருக்கிறன், அதுக்குள்ள வெறும் இலை கொஞ்சமும் இப்பிடி வாற பேர்த் தாளும் போகும், பிள்ளை பெரிசாகி வேணும் எண்டால் எடுக்கட்டும்.

தரம் 1, 2 க்குச் செய்யிறதெண்டால் மேல் ரெண்டு தட்டையும் விடுங்கோ. பிள்ளையும் வீட்டில கூட இருக்கிற ஆக்களும் மட்டும் காணும், நாயும் ஆடும் வரும், தடுக்காதேங்கோ. பேர் எழுதத் தெரியாதபடியால் முகத்தைக் கீறட்டும், கூப்பிடுற பேரை நீங்கள் எழுதி விடுங்கோ. கத்தரிக்கோல் வேண்டாம், இலையை வெட்டியே குடுங்கோ.